ஒற்று

காய்ச்சல்காரர் நெற்றியில் ஈரத்துணியை ஒற்றுகிறோம். கோயில் குங்குமத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். ஒற்றுதல் என்றால் மெல்லப் பதியவைத்தல். ஒற்றடம் இதில் பிறந்த சொல். இதே வினைக்கு மறைவாக உளவறிதல் என்றும் பொருள் உண்டு. அதைச் செய்பவர் ஒற்றர். ‘ஒற்று’ என்ற பெயர்ச்சொல் உளவையும் குறிக்கும், உளவாளியையும் குறிக்கும்.

திருக்குறளின் 59ஆம் அதிகாரம் ஒற்றாடல். ஒற்றர் என்றதும் மாறுவேடம்தான் நம் நினைவுக்கு வரும். வள்ளுவரோ அதோடு நிற்கவில்லை. ஒற்றரால் செய்தி அறிந்தும் அதன் பொருளை ஆராயாத மன்னன் வெற்றி பெற வழியில்லை என்கிறார் (583). ஓர் ஒற்றர் கொணர்ந்ததை இன்னோர் ஒற்றரைக் கொண்டு ஒற்றிப் பார்க்கச் சொல்கிறார் (588). ஒருவரையொருவர் அறியாத மூவர் சொல் ஒத்திருந்தால் தெளியலாம் என்கிறார் (589). மூவரும் அறிமுகமானவர்களாக இருந்தால், ஒருவர் சொன்ன பிழையே மூன்று வாயில் வந்து உண்மைபோல் நிற்கும் அல்லவா?

இன்று உளவுத்துறையில் பகுப்பாய்வாளர் மேசையில் செய்யும் வேலை இதுதான். வந்த தகவல்களை ஒன்றோடொன்று ஒப்பிடுகிறார். அவை ஒரே ஊற்றிலிருந்து வந்தவையா என்று பார்க்கிறார். பிறகே பொருள் சொல்கிறார்.

செய்தி கொணர்வது பாதி ஒற்று. அதன் பொருள் தெரிவதே மறுபாதி. கைப்பேசியில் வரும் செய்தியைப் பிறருக்கு அனுப்புமுன் நாமும் ஒருமுறை ஒற்றிப் பார்ப்போம்.