பழைய கொழும்புப் படங்களும் தமிழர் வரலாறும்

கல்வெட்டையும் செப்பேட்டையும் அணுகும் கவனத்துடன் நிழற்படத்தை அணுகும் வழக்கம் எம்மிடையே வேரூன்றவில்லை. கட்டுரைக்கு அழகு சேர்க்கும் ஒன்றாகவே அது பெரும்பாலும் கருதப்படுகின்றது. கொழும்புத் தமிழரைப் பொறுத்தவரை இக்குறை சிறிதன்று. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் சில தலைமுறைகளாக வாழ்ந்துவரும் குடும்பங்கள் பலவற்றுக்கு, காணி உறுதியும் வாக்காளர் இடாப்பும் நீங்கலாக, எஞ்சிய சான்று ஒன்றிரண்டு படங்களே. அப்படங்கள் எவ்வாறு கைமாறின, எவ்வாறு அழிந்தன என்பதை ஈண்டு நோக்குவோம்.

1869இல் சுயெஸ் கால்வாய் திறக்கப்பட்டது. 1875இல் அடிக்கல் நாட்டப்பெற்ற கொழும்புத் துறைமுகத்தின் தென்மேற்கு அலைதடுப்பு அணை 1885இல் நிறைவெய்தவே, காலியில் தரித்த கப்பல்கள் கொழும்பை நாடலாயின. சில மணி நேரமே கரையிறங்கும் பயணிகளுக்குத் தாம் கண்டவற்றின் படங்கள் தேவைப்பட்டன. ஸ்கீன், ஸ்கோவென் முதலானோரின் நிலையங்களும், 1890இல் தொடங்கப்பெற்ற பிளாட்டே நிறுவனமும் அத்தேவையை நிறைவேற்றின. பின்னர் படத் தபாலட்டை வந்தது. அட்டையின் முகவரிப் பக்கத்திலேயே செய்தியையும் எழுதலாமென 1902இல் பிரித்தானியத் தபாற்பகுதி அனுமதித்தமையால் மறுபக்கம் முழுவதும் படத்துக்கே உரியதாயிற்று. செட்டியார் தெருக் கோயிலின் வாயிலும், ரிக்‌ஷா இழுப்பவரும், கொழுந்து கிள்ளும் பெண்ணும் இவ்வாறு கடல் கடந்து பரவினர்.

ஆனால் அவ்வட்டைகளில் ஆட்களுக்குப் பெயரில்லை. 'தமிழ்ப் பெண்', 'தமிழ்க் கூலி' என்றவாறு ஆங்கிலத்தில் இனப்பெயரே அச்சிடப்பட்டது. மக்களை வகைப்படுத்திப் பார்க்கும் இந்நோக்குக்கு, இந்தியாவின் குலங்களையும் சாதிகளையும் படம்பிடித்து 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக ஆங்கில அரசு வெளியிட்ட நூல்வரிசை சிறந்த எடுத்துக்காட்டு. இங்கிலாந்தில் டெனிசனையும் டார்வினையும் படம்பிடித்த யூலியா மார்கரட் கமரன் அம்மையார் 1875இல் இலங்கைக்கு வந்து, களுத்துறையில் தங்கி, அங்குள்ள மக்களையும் தொழிலாளரையும் படம்பிடித்தார். டார்வினின் படம் டார்வினின் பெயராலேயே அறியப்படுகின்றது. களுத்துறைப் படங்களில் நிற்போருட் பெரும்பாலோர் யாரென எவரும் அறியார். தம் பணிப்பெண்ணையே கன்னி மரியாளாக வேடமிட்டு நிறுத்தியவர் அவர் என்பதையும் மறத்தலாகாது. இனம் மாத்திரமன்றி வர்க்கமும் பெயரை விழுங்கும்போலும்.

குடும்பப் படங்களின் கதை இதற்கு நேர்மாறானது. திருமணம், பூப்பு நீராட்டு விழா, பட்டமளிப்பு எனப் படப்பிடிப்பு நிலையத்துக்குச் சென்று எடுத்த படங்களின் பின்புறத்தில் பெயரும் திகதியும் மையால் எழுதப்பட்டிருக்கும். ஆயின் பிரதிகளோ இரண்டு அல்லது மூன்று. 1983 யூலை 24ஆந் திகதி இரவு தொடங்கிய வன்செயலில் வீடுகளோடு அல்பங்களும் எரிந்தன. ஹெந்தளையில் தமிழர் ஒருவருக்கு உரித்தான விஜயா ஸ்ரூடியோ கொளுத்தப்பட்டபோது, சிங்களத் திரைப்படங்களின் மூலச்சுருள்களும் உடன் அழிந்தன. 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாண நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் இருந்தன என்பதை நாமனைவரும் அறிவோம். எரிந்த அல்பங்களை எவரும் எண்ணவில்லை.

எஞ்சியவை யாவை? பெரும்பாலும் பிறருக்கு அனுப்பப்பட்டவையே. எமது வெள்ளவத்தை ஒழுங்கையில் வாழும் மூதாட்டியார் ஒருவரிடம் அவரது பெற்றோரின் திருமணப் படம் உள்ளது. வீட்டிலிருந்த பிரதி 1983இல் எரிந்தது. யாழ்ப்பாணத்து உறவினரிடமிருந்த பிரதி 1995 இடப்பெயர்வில் தொலைந்தது. கோலாலம்பூரிலிருந்த சிறிய தகப்பனாருக்குத் தபாலில் அனுப்பிய பிரதியே பிற்காலத்தில் அவரிடம் மீண்டது.

இன்று பழைய படங்கள் கைப்பேசி வழியே நொடிப்பொழுதிற் கைமாறுகின்றன. மகிழ்ச்சியே, எனினும் தபாலட்டைக்காரரின் பழைய குறை புது வடிவில் தொடர்கின்றது. சென்ற ஆண்டு நண்பர் ஒருவர் நல்லூர்க் கோயிலின் பழைய படமென ஒன்றை எனக்கு அனுப்பினார். பின்னர் அதன் மூல அட்டையைக் காண நேர்ந்தபோது அது செட்டியார் தெருக் கோயிலாயிருந்தது. 'கொழும்பு' என அச்சிட்டிருந்த கீழ்விளிம்பை யாரோ வெட்டிவிட்டிருந்தனர். 2005இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகத் திட்டம் தமிழ் நூல்களையும் இதழ்களையும் விவரக் குறிப்புடன் பேணி வருகின்றது. வீட்டுப் படங்களுக்கும் அவ்வொழுங்கு வேண்டும். படத்தின் பின்புறத்தையும் படம்பிடித்தல் அதன் முதற்படியாகலாம்.

மூதாட்டியாரின் படத்தை அவ்வாறே இரு பக்கமும் பிரதி செய்தேன். பின்புறத்தில் மூன்று பெயர்கள் உள்ளன. படத்தில் நிற்போர் நால்வர். மணமகளின் இடப்பக்கம் நிற்கும் சிறுமி யாரென்று அவருக்குத் தெரியவில்லை. கனடாவிலுள்ள மைத்துனிக்குத் தெரிந்திருக்கக்கூடும் என்றார். படத்தை அவருக்கு அனுப்பியுள்ளேன்.