தராசும் மாவு மூட்டையும்: டாசன் நகரின் அன்றாட வாழ்வு, 1896–1899

தங்க வேட்டை ஊர் என்றதும் மதுக்கடை, சூதாட்ட மேசை, துப்பாக்கி என ஒரு சித்திரம் மனத்தில் எழுவது வழக்கம். கனடாவின் யூக்கான் ஆற்றங்கரையில் முளைத்த டாசனில் முதலிரண்டுக்கும் குறைவில்லை. எனினும் அவ்வூரின் அன்றாடத்தைத் தங்கத்தைவிட உணவுப் பஞ்சத்தின் அச்சமே ஆண்டது என்று கருத இடமிருக்கிறது. தங்கம் எடுக்கும் முறையிலிருந்தே இதைத் தொடங்கலாம். 1896 ஆகஸ்டில் பொனான்சா ஓடையில் கண்டெடுக்கப்பட்ட தங்கம் உறைந்த மண்ணுக்கடியில் கிடந்தது. குளிர்காலம் முழுதும் விறகு எரித்து மண்ணை இளக்கி, வாளி வாளியாக மேலே இழுத்துக் குவித்து, பனி உருகி ஓடையில் நீர் வந்த பிறகே அலசிப் பிரிக்க முடிந்தது. ஆகவே, பெருஞ்செல்வன் எனப் பேரெடுத்தவனின் கையிலும் வசந்தம் வரை இருந்தது பெரும்பாலும் ஒரு சேற்றுக் குவியல்தான். அதை நம்பியே கூலியும் கடனும் நடந்தன. ஆற்றில் நீராவிப் படகுகள் ஓடியதோ கோடையின் சில மாதங்கள் மட்டும். இரண்டு வணிக நிறுவனங்களின் கிடங்குகளில் எத்தனை மூட்டை மாவு இருக்கிறது என்பது ஊரே கணக்கிடும் செய்தியாயிற்று.

1897 இலையுதிர் காலத்தில் அந்தக் கணக்கு பொய்த்தது. ஆறு உறையுமுன் போதிய சரக்கு வந்து சேரவில்லை. கையிருப்பு இல்லாதவர்கள் கீழ்நிலை யூக்கானுக்குப் போய்விடுமாறு அதிகாரிகளே செப்டம்பர் இறுதியில் அறிவிப்பு ஒட்டினர். பை நிறையத் தங்கத்தூள் வைத்திருந்தவனும் அதைத் தின்ன முடியாது! மதுக்கடையில் தராசில் நிறுத்து, அவுன்சு ஏறத்தாழ 16 டாலர் மதிப்பில் தூள் கைமாறியது. மாவின் விலையைத்தான் எந்தத் தராசாலும் நிலைநிறுத்த முடியவில்லை. வணிகம் செய்ய வந்த பெலிண்டா மல்ரூனி இதைத் தொடக்கத்திலேயே புரிந்துகொண்டவர். வெந்நீர்ப் பைகளும் துணியும் கொண்டுவந்து விற்று, உணவகம் நடத்தி, 1898இல் ஃபேர்வியூ விடுதியைத் திறந்தார். மண்வெட்டியோடு வந்த பலரைவிட அவர் உயர்ந்ததைத் தனித்திறமை என்று மட்டும் சொல்லி முடித்துவிட முடியாது.

இங்கே ஒரு மறுப்பு எழும்: டாசனின் ஒழுங்குக்குக் காரணம் வடமேற்குக் குதிரைப்படைக் காவலர்கள் அல்லவா? எல்லைக்கப்பால் அலாஸ்காவின் ஸ்காக்வேயில் சோப்பி ஸ்மித் என்ற மோசடிக்காரனின் கும்பல் 1898 ஜூலை வரை கோலோச்சியதே? காவலர்களின் பங்கு மறுக்கத்தக்கதன்று. ஆனால் அவர்கள் செய்ததையே கூர்ந்து பார்க்கலாம். டாசனுக்கு வரும் வழியிலிருந்த சில்கூட் கணவாயின் உச்சியில் நின்று, ஓராண்டுக்குரிய உணவு இல்லாத எவரையும் உள்ளே விட மறுத்தனர். கருவிகளும் சேர்ந்தால் சுமை ஏறத்தாழ ஒரு டன். ஊருக்குள் சிறு குற்றம் செய்தவனைக் காவல் நிலைய விறகுக் குவியலில் வெட்ட வைத்தனர். சட்டம் இங்கே உணவுக்கும் விறகுக்கும் காவல் நின்றது. (ஞாயிற்றுக்கிழமை விறகு வெட்டினால் அதுவே குற்றம் என்பது அவர்களுடைய பக்தியின் விசித்திரம்.)

இன்னொரு மறுப்பு வலுவானது. 1899இல் அலாஸ்காவின் நோமில் தங்கம் கிடைத்த செய்தி வந்ததும் கோடை முடிவதற்குள் ஆயிரக்கணக்கானோர் டாசனைவிட்டு ஓடினர்; அப்படியானால் ஊரைக் கட்டிவைத்தது தங்கம்தானே? ஓடியவர்கள் யார் என்று கேட்டால் விடை மாறுகிறது. 1898 கோடையில் டன் கணக்கில் சரக்கோடு வந்திறங்கியவர்களுக்கு நல்ல நிலம் ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. முக்கிய ஓடைகள் எப்போதோ பங்கிடப்பட்டுவிட்டன. பலர் கரையிலேயே மூட்டைகளைக் கிடைத்த விலைக்கு விற்றுவிட்டுத் திரும்பினர். எஞ்சியவர்கள் கூலியாட்களாகவும் கடைக்காரர்களாகவும் காத்துக்கிடந்தனர். பஞ்சம் தணிந்ததும் அவர்களைக் கட்டிவைத்த கயிறு தளர்ந்தது. தங்கம் அவர்களை அழைத்தது உண்மை. அன்றாடத்தில் அது அவர்கள் கைக்கு எட்டவேயில்லை.

இந்த நோக்கில் பார்த்தால், ஊர் எழுவதற்கு முன்பிருந்தவர்களின் கதையும் ஓரத்துக் குறிப்பாக நிற்காது. குளோண்டைக் ஆறு கலக்குமிடத்தில் ட்ரொண்டெக் ஹ்வெச்சின் மக்கள் வழிவழியாகச் சால்மன் பிடித்தனர். காடு விறகாகி, வேட்டை விலங்குகள் விலகியபோது, தலைவர் ஐசக் தம் மக்களை ஆற்றின் கீழ்ப்புறம் மூஸ்ஹைடுக்கு அழைத்துச் சென்றார். மீன்பொறிகளுக்கான கழிகளை ஆற்றில் அடித்திறக்கும் கல் சுத்தியலைக் குறித்த அவர்கள் மொழிச் சொல்தான், வந்தவர்களின் நாவில் திரிந்து, தங்கத்தின் மறுபெயரான குளோண்டைக் ஆயிற்று.