சிலாங்கூர் ஆற்று நீர் வழங்கல் திட்டம்

சிலாங்கூர் ஆற்று நீர் வழங்கல் திட்டம் மலேசியாவின் மிகப் பெரிய குடிநீர்த் திட்டங்களுள் ஒன்று. சிலாங்கூர், கோலாலம்பூர், புத்ராஜெயா ஆகியவற்றின் குடிநீரில் பாதிக்கும் மேற்பட்டதை இது தருகிறது. தித்திவாங்சா மலைத்தொடரில் பிறக்கும் ஆறு, கோலசிலாங்கூரில் மலாக்கா நீரிணையை அடைகிறது.

கோலகுபுபாரு அருகிலுள்ள சிலாங்கூர் ஆற்று அணை பாறை நிரப்பிக் கட்டப்பட்டது. உயரம் சுமார் 110 மீட்டர், கொள்ளளவு சுமார் 23 கோடி கன மீட்டர். 2000களின் தொடக்கத்தில் கட்டி முடிக்கப்பட்டது. நீர்த்தேக்கத்துக்காக தெமுவான் பழங்குடியினரின் இரு கிராமங்கள் இடம்பெயர்க்கப்பட்டன. துணையாக சுங்கை திங்கி அணையும் உள்ளது.

அணை நீர் குழாய் வழியாக நகருக்குச் செல்வதில்லை. வறட்சியில் ஆற்றின் நீரோட்டம் குறையும்போது அணை திறக்கப்படுகிறது. நீர் ஆற்றிலேயே ஓடி, கீழ்ப்பகுதியில் இறைக்கப்பட்டுச் சுத்திகரிக்கப்படுகிறது. ரப்பர், செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த பெஸ்தாரி ஜெயா (பழைய பத்தாங் பெர்ஜுந்தை) வட்டாரம் இதன் முக்கிய மையம். அங்குள்ள பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளின் நீரும் தேவைப்படும்போது ஆற்றில் சேர்க்கப்படுகிறது.

ஆறே நீர்வழியாக இருப்பதால், மேற்பகுதியில் எங்கு மாசு கலந்தாலும் சுத்திகரிப்பு நிலையங்களை மூட நேர்கிறது. லட்சக்கணக்கான வீடுகளில் குழாய்கள் வறண்டுவிடுகின்றன.

முகத்துவாரத்துக்கும் இந்த நீரோட்டம் தேவை. நன்னீர் குறைந்தால் கடலின் உப்புநீர் மேலேறும். ஆற்றங்கரையிலுள்ள கம்போங் குவாந்தானில் மின்மினிகள் கூடி ஒளிரும் பெரெம்பாங் மரங்களும், மின்மினிப் புழுக்கள் உண்ணும் நத்தைகளும் உவர்ப்பின் அளவைச் சார்ந்தே வாழ்கின்றன. ஆகவே குடிநீருக்கு எடுத்தது போக ஆற்றில் போதிய நீர் ஓடவிடுவது இன்றியமையாதது.