போர்வீரரின் உடையும் ஓவியரின் கடமையும்

நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடையே உள்ளது செங்கல் என்னும் சிற்றூர். அங்கிருந்து தெற்கே களியக்காவிளையைக் கடந்தால் தமிழ்நாடு. 1956 நவம்பர் 1-ஆம் நாள் வரை இவ்விரு பக்கமும் ஒரே ஆட்சியின் கீழ் இருந்தவை. தக்கலையை அடுத்த பத்மநாபபுரம் அரண்மனை இன்று தமிழ்நாட்டு எல்லைக்குள் நிற்கிறது. அதனைப் பேணுவதோ கேரள அரசு. எல்லைக் கோடு மாறினாலும் வரலாறு இரு பக்கத்தாருக்கும் பொதுச் சொத்தே.

அவ்வரண்மனையில் குளச்சல் போரைப் பற்றிய ஓவியம் ஒன்று உண்டு. 1741-இல் டச்சுப் படையை வென்ற மார்த்தாண்டவர்மரின் முன், தளபதி டிலனாய் பணிந்து நிற்கும் காட்சி அது. போரைக் கண்ணால் கண்டவர் தீட்டியதன்று; பிற்காலத்துக் கைவண்ணம். அதனைக் காணும்போது நமக்கு ஒரு வினா எழுகிறது. அன்றைய வீரர் உண்மையில் எவ்வாறு உடுத்திருந்தனர்?

உடை அற்பப் பொருள் என்று எண்ணுவோர் வேலூரை நினைத்துப் பார்க்க வேண்டும். சென்னைப் படையின் சிப்பாய்கள் நெற்றியில் சமயக் குறி இடலாகாது, காதில் கடுக்கன் அணியலாகாது, தோல் பதித்த புதுத் தலைப்பாகையை அணிய வேண்டும் என்று கும்பினியார் ஆணையிட்டனர். பிற காரணங்களும் இருந்தன. எனினும் 1806 ஜூலை 10-ஆம் நாள் வேலூர்க் கோட்டையில் மூண்ட தீக்கு இவ்வாணையே முதற்பொறி. இரு தரப்பிலும் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். ஆணை திரும்பப் பெறப்பட்டது. மறு ஆண்டு கவர்னர் பெண்டிங்கும் படைத்தலைவர் கிரடாக்கும் திருப்பி அழைக்கப்பட்டனர். எனவே அக்காலத்துச் சிப்பாயைத் தீட்டுவோர் அவன் நெற்றியை வெறுமையாக விடுவதா, குறி இடுவதா என்பது வெறும் அழகுப் பிரச்சினையன்று. அவன் எதற்காக உயிரைக் கொடுத்தான் என்பதையே அது கூறும்.

நல்வாய்ப்பாக, அக்காலத்துத் தமிழ்நாட்டு ஓவியர் சிலர் கண்டதைக் கண்டவாறே தீட்டி வைத்தனர். தஞ்சை ஓவியர்கள் சென்னைப் படைச் சிப்பாயை அவன் மனைவியுடன் நிறுத்தி வரைந்தனர். சிவப்புச் சட்டை, முழங்காலுக்கு மேல் நிற்கும் குட்டைக் காற்சட்டை, காலில் செருப்பு ஆகியவை அவற்றில் தெளிவாகத் தெரிகின்றன. திருச்சிராப்பள்ளியில் காக்காய்ப்பொன் தகடுகளில் உள்ளங்கை அளவுச் சித்திரங்கள் செய்தனர். ஒரு தகட்டில் முகம் மட்டும் இருக்கும். உடை மட்டும் தீட்டிய வேறு தகடுகளை அதன்மீது வைக்க, அதே முகம் வெவ்வேறு தொழிலாளராகத் தோன்றும்.

ஈயத்தாலான கட்டைவிரல் உயரப் போர்வீரர் உருவங்களுக்கு வண்ணம் தீட்டும் கலை இன்று பல நாடுகளில் பயிலப்படுகிறது. அவ்வளவு சிறிய உருவத்தில் ஒளி தானாக நிழல் தராது. ஆகையால் மடிப்பில் அடர் வண்ணமும் மேட்டில் வெளிர் வண்ணமும் இட வேண்டும். கை தேர்ந்தால் இது வாய்த்துவிடும். எந்த ஆண்டு, எந்தப் படை, எந்த ஆணைக்கு முன் அல்லது பின் என்று ஆராய்வதே கடினம்.

குளச்சல் வீரனையே எடுத்துக்கொள்வோம். தோல்வியுற்ற டிலனாய் திருவிதாங்கூர்ப் பணியில் அமர்ந்து, வலிய கப்பித்தான் என்னும் பெயர் பெற்று, படையினருக்கு ஐரோப்பியப் பயிற்சி அளித்தது போருக்குப் பின்னரே. 1777-இல் இறந்த அவரது கல்லறை உதயகிரிக் கோட்டையில், தமிழும் இலத்தீனும் பொறிக்கப்பெற்று இன்றும் உள்ளது. ஆதலால் 1741-இன் வீரனுக்கு ஐரோப்பியப் பாணிச் சீருடை அணிவிப்பது, வென்றவனுக்குத் தோற்றவனின் சட்டையை மாட்டுவதாகும்.

மொழிபெயர்ப்புப் பணியில் உள்ள நாம் ஒன்றறிவோம்: மூலத்தில் இல்லாத சொல்லைச் சேர்ப்பதும் பிழை, இருப்பதை விடுவதும் பிழை. தூரிகைக்கும் அதுவே நெறி. தில்லியிலும் பம்பாயிலும் வளரும் நம் குழந்தைகள் தம் முன்னோரைப் பெரும்பாலும் படங்களிலேயே காண்கின்றனர். அப்படம் பொய்த்தால் திருத்திச் சொல்ல ஊர்ப் பெரியவர் அருகில் இல்லை. ஆகவே சிறு பொம்மையாயினும், அதன் தலைப்பாகையை உண்மையோடு கட்டுவோமாக.