பாதிப் பெயர் போதும்: கோப்பு தேடுகிற கருவிகளின் கதை

புரோகிராம் எழுதுகிற நண்பர்களுக்குப் பக்கத்தில இருந்து பார்த்தவர்கள் இதைக் கவனித்திருப்பீர்கள். ஆயிரக்கணக்கான கோப்புகள் உள்ள ஒரு புரொஜெக்ட். கன்ட்ரோல்-பி அழுத்தினால் சின்னப் பெட்டி ஒன்று திறக்கும். பெயரை முழுதாக எழுதமாட்டார்கள். அங்கொன்று இங்கொன்றாய் நாலு எழுத்துத்தான். தேடின கோப்பு பட்டியலின் உச்சியில் வந்து நிற்கும். கலைப்பீடத்துக்காரருக்கு இதில என்ன வேலை எண்டு கேட்பீர்கள். பெயரை மறக்கிறது மனிசர், சரியான பெயரைக் கேட்கிறது இயந்திரம். இதில் யார் யாருக்காக வளைந்து கொடுத்தார்கள் என்பது எங்களுக்கு வரலாற்றுக் கேள்வியாகத்தான் படுகிறது.

முதலில் வளைந்தது மனிசர். பெல் ஆய்வுகூடத்தில் பிறந்த யுனிக்ஸின் ஏழாம் பதிப்பு 1979இல் வந்தபோது ஒரு கோப்புப் பெயர் 14 எழுத்துக்கு மேல் போக முடியாது. பிறகு வந்த எம்எஸ்-டொஸ்ஸில் இன்னும் இறுக்கம்: எட்டு எழுத்து, ஒரு புள்ளி, பிறகு மூன்று எழுத்து. ஆகவே பெயர்களை வெட்டிக் கொத்தி வைத்தார்கள். எப்படி வெட்டினோம் எண்டதை மனப்பாடமும் செய்தார்கள். மறந்தால் உதவிக்கு நட்சத்திரக் குறி இருந்தது. ஆனால் அதுவும் பாதி உதவிதான், ஞாபகம் இருக்கிற துண்டை எழுத்துப் பிசகாமல் கொடுக்க வேணும்.

1983இல் பேர்க்லி பல்கலைக்கழகத்தின் யுனிக்ஸ் இந்த எல்லையை 255 எழுத்தாக்கியது. பெயர்கள் நீண்டன, ஃபோல்டருக்குள் ஃபோல்டர் வந்தது. இடம் கிடைத்தது, ஞாபகம்தான் பின்தங்கிப் போனது.

இந்தச் சிக்கலைக் கொம்பியூட்டருக்கு முதலே சந்தித்தவர்கள் பெயர்ப் பட்டியல் வைத்திருந்தவர்கள். அமெரிக்காவில் ரொபர்ட் ரஸல் என்பவர் 1918இல் ஒரு காப்புரிமை பெற்றார். அதிலிருந்து வளர்ந்த முறைக்குச் சவுண்டெக்ஸ் எண்டு பெயர். பெயரின் முதல் எழுத்தை வைத்துக்கொண்டு உயிரெழுத்துகளைத் தள்ளிவிட்டு, ஒலி நெருங்கிய மெய்யெழுத்துகளுக்கு ஒரே இலக்கம் கொடுப்பது. முடிவில் ஓர் எழுத்தும் மூன்று இலக்கமும் மிஞ்சும். ஸ்மித் என்பதை ஐ போட்டு எழுதினாலும் வை போட்டு எழுதினாலும் குறியீடு ஒன்றுதான்.

இதன் பெரிய பயன் 1930களில் வந்தது. 1935இல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்து முதியோருக்கு ஓய்வூதியம் எண்டதும், வயதை நிரூபிக்கும் கேள்வி எழுந்தது. கனபேரிடம் பிறப்புச் சான்றிதழ் இல்லை. ஆனால் 1880ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் பிள்ளைகளாகப் பதியப்பட்டிருந்தார்கள். அதனால் பத்து வயதும் அதற்குக் குறைவுமான பிள்ளைகள் இருந்த வீடுகளை மட்டும் சவுண்டெக்ஸ் முறையில் அட்டவணைப்படுத்தினார்கள். 1880இல் பத்து வயதுப் பிள்ளைக்கு 1935இல் வயது 65. மதிப்பீட்டாளர் எழுத்துப் பிழையோடு எழுதிப் போன பெயரையும் தேடிப் பிடிக்க வேணும், இல்லாவிட்டால் காசு இல்லை.

ஆனால் சவுண்டெக்ஸ் மன்னித்தது ஆங்கிலக் காதுக்குப் பழகின பிழைகளை மட்டும். கிழக்கு ஐரோப்பிய யூதப் பெயரான மொஸ்கோவிட்ஸ் என்பதை டபிள்யூ போட்டு எழுதினால் ஒரு குறியீடு, வி போட்டு எழுதினால் வேறொன்று. ஒரே குடும்பம் இரண்டு இடத்தில் கிடக்கும். குடும்ப வரலாறு தேடிய ராண்டி டேய்ச், கேரி மொகொடொஃப் என்ற இருவர் 1985இல் அந்தப் பெயர்களுக்கெண்டே புதிய முறை ஒன்றைச் செய்ய வேண்டி வந்தது.

திரும்பக் கோப்புக்கு வருவோம். 2004இல் டென்மார்க்கைச் சேர்ந்த அலன் ஓட்கார்ட் மக் கணினிக்கு டெக்ஸ்ட்மேட் என்ற எடிட்டரை வெளியிட்டார். அதே ஆண்டில்தான் ரூபி ஒன் ரெயில்ஸ் வந்தது. ரெயில்ஸில் ஒரு விடயத்துக்குப் பல கோப்புகள், பல ஃபோல்டர்களில். "இன்டெக்ஸ்" எண்ட பெயரில மட்டும் எத்தனையோ கிடக்கும். ஒவ்வொரு ஃபோல்டராய்த் திறந்து போகிறது அலுப்பு. டெக்ஸ்ட்மேட்டில் கொமாண்ட்-டி அழுத்தி, பெயரில வருகிற எழுத்துகளில் சிலதை வரிசை மாறாமல் தட்டினால் போதும். அந்த விசையின் பெயரையே வைத்து 2010இல் விம் எடிட்டருக்குக் கொமாண்ட்-டி எண்ட சொருகி வந்தது. பிறகு சப்லைம் டெக்ஸ்ட், விஎஸ் கோட் எண்டு எல்லா இடமும் பரவியது.

எழுத்தை விட்டுத் தட்டலாம் என்றால் பொருந்துகிற கோப்புகள் நூற்றுக்கணக்கில் வந்து விழும். எதை மேலே வைப்பது? உண்மையான வேலை அங்கேதான். எழுத்துகள் தொடர்ந்து வந்தால் புள்ளி கூடும்; ஒரு சொல்லின் தொடக்கத்தில் வந்தால் இன்னும் கூடும்; இடைவெளி விழுந்தால் குறையும். கொரியரான ஜூனகன் சொய் 2013இல் தொடங்கிய எஃப்இசட்எஃப் என்ற கருவி இதற்கு எடுத்தாள்வது, 1981இல் ஸ்மித், வோட்டர்மன் இருவரும் புரதம், மரபணு வரிசைகளை ஒப்பிட உருவாக்கிய முறையின் மாற்று வடிவத்தை. உயிரியலில் பிறந்தது கோப்பு தேடப் போனது எங்களுக்குப் பிடித்த பகுதி.

இந்தக் கருவிகளும் ஒரு வகைப் பிழையைத்தான் மன்னிக்கின்றன: விடுபட்ட எழுத்தை. பிழையான எழுத்தை இல்லை. சவுண்டெக்ஸ் செய்ததற்கு நேர் எதிர்ப் பக்கம் எண்டு சொல்லலாம்.

தமிழில் இது வேடிக்கையாய் வேலை செய்கிறது. யுனிகோட்டில் விசிறியும் குற்றும் தனித்தனிக் குறிகள். ஆகவே எழுத்துக் குறிகளை ஒவ்வொன்றாகப் பார்க்கிற கருவியில் "கடர" எண்டு தட்டினாலே "கட்டுரை" வந்துவிடும், மெய்யும் உயிர்க்குறியும் போட்டு மினக்கெடத் தேவையில்லை. எங்கட கூட்டு ஃபோல்டரில் "கட்டுரை_இறுதி", "கட்டுரை_இறுதி_இறுதி" எண்டு கிடக்கிறதுகளுக்கு நல்ல வசதி. ஆனால் "பள்ளி" எண்ட கோப்பை "பல்லி" எண்டு தேடினால் ஒன்றும் வராது.

ழ, ள, ல மூன்றையும் ஒரே இலக்கத்தில் போடுகிற சின்ன அட்டவணை ஒன்றைச் செய்து பார்க்க யோசிக்கிறோம். ர, ற இரண்டையும் சேர்க்கலாமா எண்டதில எங்களுக்குள்ள இன்னும் சண்டை முடியவில்லை.