மக்னீசியப் பிழிவுக் கலவைகளின் திசைச்சார்பு

முறுக்கு உழக்கில் மாவைப் பிழிவதுபோல, சூடாக்கிய மக்னீசியக் கட்டியை அச்சுத் துளை வழியே தள்ளி எடுத்த தண்டு, விசை வரும் திசைக்கேற்ப வேறுவேறு வலிமை காட்டும் இயல்பு. நீளவாக்கில் இழுத்தால் உறுதியாக நிற்கும் தண்டு, அதே வாக்கில் அமுக்கினால் பல கலவைகளில் ஏறக்குறைய பாதித் தகைவிலேயே இளகத் தொடங்கும்.

மக்னீசியத்தை ஹம்ஃப்ரி டேவி 1808-இல் பிரித்தெடுத்தார். 1909-இல் பிராங்க்பர்ட் வானூர்திக் கண்காட்சியில் 'எலக்ட்ரான்' என்ற மக்னீசியக் கலவை அறிமுகமானது. அலுமினியத்தின் எடையில் மூன்றில் இரண்டு பங்குதான் என்பதால் விமானம் கட்டுவோர் ஆவலாக எடுத்துக்கொண்டனர். ஆயினும் பெரும்பகுதி வார்ப்புகளாகவே பயன்பட்டது. வோக்ஸ்வாகன் பீட்டில் காரின் எஞ்சின் கூடும் வார்ப்புதான். வார்ப்பில் படிகங்கள் தாறுமாறாகக் கிடப்பதால் இச்சிக்கல் அங்கே தலைகாட்டவில்லை.

பிழிவில் இந்த வேறுபாடு எழக் காரணம் படிகத்தில் இருக்கிறது. மக்னீசியப் படிகம் அறுகோணத் தூண். அதன் அடித்தள அடுக்குகள் மட்டுமே எளிதில் வழுக்கும். எந்த வடிவத்துக்கும் வளைய ஐந்து தனித்த வழுக்கல் முறைகள் வேண்டும் என்று 1928-இல் ஃபான் மீசஸ் காட்டினார். அடித்தளம் தருவதோ இரண்டே. குறையை ஈடுகட்டுவது 'இரட்டையாதல்': தூண் தன் அச்சின் வழியே இழுக்கப்படும்போது படிகத்தின் ஒரு பகுதி சுமார் 86 பாகை புரண்டுவிடும். இது ஒருவழிப் பாதை. அச்சின் வழியே அமுக்கினால் இந்தப் புரளல் நிகழாது. பிழியும்போது தூண்களின் அச்சுகள் தண்டின் நீளத்துக்குக் குறுக்காக அமைந்துவிடுகின்றன. தண்டை அமுக்கினால் அது பக்கவாட்டில் உப்பும். அச்சுகள் இழுபட்டுப் புரளும். இழுத்தால் அவ்வழி அடைபட்டு, கடினமான வழுக்கல்களே மிஞ்சும். தண்டுக்கு இழுவலிமை தருவதும் அமுக்கத்தில் அதைக் கவிழ்ப்பதும் ஒரே அடுக்கொழுங்குதான்.

1968-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கெல்லி, ஹாஸ்ஃபோர்டு இருவரும் இந்தச் சமச்சீரின்மையை மக்னீசியத் தகடுகளில் அளந்து காட்டினர். உலோகம் எந்தத் தகைவில் இளகும் என்று கணிக்க ஹில் 1948-இல் தந்த புகழ்பெற்ற சூத்திரம் இழுப்பையும் அமுக்கத்தையும் ஒன்றாகவே கருதியது. மக்னீசியத்துக்கு அது பொருந்தவில்லை. வேறுபாட்டை உள்ளடக்கிய கசாக்கு, பிளங்கெட், பார்லா சூத்திரம் வர 2006 ஆயிற்று.

மருந்து அருமண் தனிமங்களில் கிடைத்தது. இட்ரியம், நியோடிமியம் சேர்த்த பிழிவுகளில் படிக ஒழுங்கு தளர்ந்து, வேறுபாடு ஏறத்தாழ மறைவதை 1994-இல் பால், பிராங்னெல் இருவரும் அறிவித்தனர். படிகத் துகள்களைப் பொடிதாக்குவதும் இரட்டையாதலைக் கடினமாக்கும். அருமண் விலை அதிகம் என்பதால் கால்சியமும் முயலப்படுகிறது. சாதாரண பிழிவுத் தண்டை அமுக்கம் தாங்கும் இடத்தில் பொருத்துபவர், இழுவலிமை எண்ணை மட்டும் நம்பக் கூடாது. அமுக்க எண்ணைத் தனியே கேட்டு வாங்க வேண்டும்.