அழைப்பிதழில் ஒரு சொல்

ஆகஸ்ட் 9 நெருங்குகிறது. எங்கள் வளாகத்தில் வழக்கம்போல் மூன்று நிகழ்வுகள் அறிவிக்கப்பட்டுள்ளன. காலையில் சட்டவுரிமை பற்றிய உரை, பிற்பகலில் ஆய்வு மாணவர் கருத்தரங்கு, மாலையில் தார்ப்பா இசையும் நடனமும். அழைப்பிதழின் ஓரமெங்கும் வார்லி ஓவியத்தின் முக்கோண உடல் மனிதர்கள் கைகோத்து ஆடுகிறார்கள். தாராவி, மாட்டுங்கா, செம்பூர்ப் பகுதித் தமிழ் மாணவர்களுக்காக இதைத் தமிழில் பெயர்த்துத் தரும் பணி என்னிடம் வந்தது. தலைப்பிலிருந்த 'ஆதிவாசி' என்ற சொல்லிலேயே நின்றுவிட்டேன். இரண்டு நாள் அந்தச் சொல்லோடு அலைந்ததில் சேர்ந்த குறிப்புகள் இவை.

முதலில் கைக்கு வந்தது 'பழங்குடி'. ஆனால் திருக்குறளின் 'குடிமை' அதிகாரத்தில் இச்சொல் வருமிடத்தில் அதன் பொருள் வேறு. அங்கே அது தொன்றுதொட்டுச் சிறந்து வரும் உயர்குடியைக் குறிக்கிறது. வறுமையிலும் பண்பு குன்றாத குடும்பத்தைப் புகழும் சொல். இன்று அதே சொல் அரசாணைகளில் நிர்வாகப் பிரிவொன்றின் பெயர். இடையில் 'மலைசாதியினர்' என்ற வழக்கும் இருந்தது. 'பூர்வகுடி', 'தொல்குடி' என்பவை மேடையிலும் கட்டுரையிலும் புழங்குகின்றன, சான்றிதழில் இல்லை.

'ஆதிவாசி'யும் பழைய சொல்லன்று. பெயர் தொன்மையைச் சொன்னாலும் அது இருபதாம் நூற்றாண்டின் அரசியலில் வேர்கொண்ட சொல். முண்டாரியிலிருந்தோ குடுக்கிலிருந்தோ வந்ததன்று. வடமொழிக் கூறுகளால் ஆனது. 1938இல் சோட்டா நாக்பூரில் ஆதிவாசி மகாசபை உருவானது. மறு ஆண்டு ஜெய்பால் சிங் முண்டா அதன் தலைமைக்கு வந்தார். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்திய ஹாக்கி அணித் தலைவராக இருந்தவர் அவர். பல மொழி பேசும் பல மக்கள் தமக்கெனப் பொதுவாக ஒரு பெயரை ஏற்றுக்கொண்டனர். பிறர் இட்ட பெயருக்கும் தாமே ஏற்ற பெயருக்கும் உள்ள வேறுபாட்டை மொழியியல் வகுப்பில் ஒரு வரியில் கடந்துவிடுகிறோம்.

1948 டிசம்பர் தொடக்கத்தில் அரசியல் நிர்ணய சபையில் இந்த வேறுபாடு விவாதத்துக்கு வந்தது. வரைவின் இந்தி மொழிபெயர்ப்பில் 'ஆதிவாசி' என்பதை விட்டு 'வனஜாதி' என்று ஏன் எழுதினீர்கள் என்று ஜெய்பால் சிங் கேட்டார். அம்பேத்கரின் விடை வேறொரு தளத்திலிருந்து வந்தது. ஆதிவாசி என்பது பொதுச்சொல். அதற்குத் திட்டவட்டமான சட்டப்பொருள் இல்லை. உரிமை வழங்க வேண்டுமாயின் யார் யார் என்று பட்டியலிட வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். இந்த விவாதம் எழுந்த இடம் எதேச்சையானதுதான். ஆயினும் என்னால் அதைக் கடந்து செல்ல இயலவில்லை. நாட்டில் எங்கும் சென்று வாழும் உரிமையைப் பேசும் பிரிவு அது. இன்று அரசமைப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவு.

அம்பேத்கரின் அச்சம் நியாயமானது என்றே கருதுகிறேன். பட்டியல் இல்லையெனில், உரிமை கேட்டு நீதிமன்றம் செல்பவர் முதலில் தாம் யார் என்பதை நிறுவ வேண்டியிருக்கும். ஆனால் 1950இல் பட்டியல் வந்த பிறகும் அந்தச் சுமை இறங்கவில்லை. இதற்கான சான்று இந்நகரத்திலேயே இருக்கிறது.

பரேலில் உள்ள சேத் ஜி. எஸ். மருத்துவக் கல்லூரியின் முதல்வரை எதிர்மனுதாரராகக் கொண்ட வழக்கொன்றில் 1990 மே 2 அன்று உச்ச நீதிமன்ற அரசமைப்பு அமர்வு தீர்ப்பளித்தது. மனுதாரர் ஆந்திரத்தில் பட்டியல் பழங்குடியாக அறிவிக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த மாணவர். தந்தை மத்திய அரசின் உர நிறுவனத்தில் அதே சான்றிதழால் வேலை பெற்று பம்பாய்க்கு வந்தவர், செம்பூர்வாசிகள் ஆர்.சி.எஃப். என்று அறியும் நிறுவனத்தின் ஊழியர். மகன் ஒன்பது வயதில் இங்கு வந்து இங்கேயே படித்தார். மருத்துவ இடம் கேட்டபோது, ஆந்திரத்துப் பழங்குடி மகாராட்டிரத்தில் பழங்குடி அல்லர் என்றனர். உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. பட்டியல் 'அந்த மாநிலத்தைப் பொறுத்தவரை' மட்டுமே செல்லும் என்று 342ஆம் பிரிவின் சொற்றொடரை அது பொருள்கொண்டது. 1994இல் மகாராட்டிரத்தில் சாதிச் சான்றிதழ் வழங்குவது தொடர்பான வழக்கிலும் இந்நிலை உறுதியானது. அது பட்டியல் சாதியினருக்கும் பொருந்தும்.

திருநெல்வேலியிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காகத் தாராவிக்கு வந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பவாயிலுள்ள ஐ.ஐ.டி.யில் சொந்த மாநிலச் சான்றிதழ் செல்லும். மகாராட்டிர அரசின் ஒதுக்கீட்டு இடங்களுக்கு அதே சான்றிதழ் செல்லாது. ஒரே நகரம், ஒரே மாணவர்.

இம்மண்ணிலேயே பிறந்தவர்களுக்கும் வழி எளிதன்று. 1994 செப்டம்பரில் மகாராட்டிர வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் சான்றிதழ் சரிபார்ப்புக்கு நெறிமுறைகள் வகுத்தது. 'கோலி' என்று பதிவான குடும்பம் 'மகாதேவ் கோலி' என்று கோரிய வழக்கு அது. போலிச் சான்றிதழ்கள் உண்மையான பழங்குடி மாணவரின் இடத்தைப் பறித்தன என்பதை மறுக்க இயலாது. அந்தக் கவலையில் பிறந்ததே இந்நெறிமுறை. அதன்படி விசாரணை அலுவலர் குடும்பத்தின் தெய்வம், சடங்கு, திருமண முறை, இறப்புச் சடங்கு, அடக்கம் செய்யும் வழக்கம் ஆகியவற்றைக் கேட்டறிய வேண்டும். மாணவர் பேச்சில் இம்முழு நடைமுறைக்கும் 'வேலிடிட்டி' என்று பெயர்.

பால்கர் மாவட்டத்தைச் சேர்ந்த வார்லி நண்பர் ஒருவர் என்னுடன் ஆய்வு செய்கிறார். வேலிடிட்டி விசாரணைக்கு முந்தைய இரவு அவர் தாயிடம் தொலைபேசியில் திருமணச் சடங்குகளைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். தவ்ளேரி பாடும் பாடல்களின் வரிசை அவருக்குத் தெரியாது. விடுதியில் வளர்ந்தவருக்கு எப்படித் தெரியும்? மிச்சத்தை நூலகத்தில் கே. ஜே. சாவே 1945இல் வெளியிட்ட வார்லிகள் பற்றிய நூலில் படித்தார். நூலில் இருந்ததும் தாய் சொன்னதும் இரண்டிடங்களில் மாறுபட்டன. அலுவலரிடம் நூலில் இருந்ததையே சொன்னாராம். இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பண்பாடு தேர்வுப் பாடமானால் வாழும் தாயைவிட அச்சிட்ட பக்கமே நம்பகமாகிவிடுகிறது.

நீதிமன்றங்கள் இதை உணராமலில்லை. இடப்பெயர்வாலும் நவீன வாழ்வாலும் வழக்கங்கள் மாறியிருக்கக்கூடும், விடுதலைக்கு முந்தைய ஆவணங்களுக்கே கூடுதல் மதிப்பு என்று 2011இல் ஒரு தீர்ப்பு வந்தது. இப்பண்பாட்டு ஒப்புமைச் சோதனை இறுதி உரைகல் ஆகாது என்று 2023 மார்ச்சில் மூவர் அமர்வு தெளிவாக்கியது. ஆவணம் வைத்திருந்தவர்களுக்கு இது பெரும் விடுதலை. பள்ளிப் பக்கமே போகாத பாட்டனின் பேத்திக்கு என்ன ஆவணம் இருக்கும் என்ற கேள்வி மட்டும் எஞ்சுகிறது.

தாராவிக் கோலிவாடாவைப் பற்றியும் ஒரு சொல். 1909ஆம் ஆண்டின் பம்பாய் கெசட்டியர் நகரின் ஆறு பெரிய கோலிவாடாக்களுள் ஒன்றாகத் தாராவியைக் குறிக்கிறது. நம் தாத்தாக்கள் வருமுன்பே மாகிம் கழிமுகத்தில் வலை வீசியவர்கள் அவர்கள். ஆனால் மகாதேவ் கோலி, மல்கார் கோலி, டோக்ரே கோலி ஆகியோர் பட்டியலில் இருக்க, 'கோலி' என்ற பொதுப்பெயர் சிறப்புப் பிற்படுத்தப்பட்ட பிரிவில் நிற்கிறது. முதற்குடி என்பதும் பட்டியல் பழங்குடி என்பதும் ஒன்றல்ல என்பதற்கு நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. தொண்ணூறடிச் சாலையிலிருந்து நடந்தே போகலாம்.

1982இல் ஐ.நா.வின் பணிக்குழு முதன்முதலில் கூடிய நாள் என்பதால் ஆகஸ்ட் 9 உலக நாளாயிற்று. 2007இல் ஐ.நா. பிரகடனத்துக்கு இந்தியா ஆதரவாக வாக்களித்தது. ஆனால் இந்தியர் அனைவருமே பூர்வகுடிகள் என்பதே அதன் நிலைப்பாடு. மும்பையில் அதே நாள் 1942இன் வெள்ளையனே வெளியேறு நினைவுநாளும் ஆவதால், நாளிதழ்களில் இந்நிகழ்வுகளுக்கு இடம் குறைவு.

இறுதியில் தலைப்பில் 'ஆதிவாசி' என்றே வைத்தேன். சட்டவுரைக் குறிப்பில் மட்டும் 'பட்டியல் பழங்குடியினர்'. வார்லி நண்பர் பிற்பகலில் சாவேயின் நூலையும் தம் தாயின் பேச்சையும் ஒப்பிட்டுக் கட்டுரை வாசிக்கிறார். மாலை நடனத்தில் சேருமாறு அழைத்தவர்களிடம் ஆடத் தெரியாது என்று சொல்லிவிட்டார். வேறு மாநிலச் சான்றிதழுடன் இங்கே சேர்க்கைக்கு அலையும் தமிழ் மாணவர்கள் காலை அமர்வுக்கே வந்துவிடுங்கள். கேள்வி நேரம் அதில்தான் நீளம். தாத்தாவின் பள்ளி மாற்றுச் சான்றிதழோ நிலப் பதிவோ இருந்தால் படியொன்றைக் கையில் எடுத்து வாருங்கள்.